பூசணிக்காயா, படமா?

எங்கள் வீட்டுத்தோட்ட முகநூல் குழுவில் எல்லோரும் பறித்த காய்களைப் புகைப்படம் எடுத்துப் போடுவார்கள். முள்ளியவளையில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதி மட்டும் தன் காய்களை வரைந்துதான் போடுவார். அவர் வரைந்தால் கத்தரிக்காய் எலி மாதிரி இருக்கும். ஒருமுறை அவருடைய பூசணிக்காய்ப் படத்துக்குக் கீழே, “ஆமை அருமை” என்று உண்மையாகவே நம்பி எழுதிவிட்டேன்.

“ஒருக்கா நேரில வந்து பாருங்கோ” என்று பதில் போட்டார். போனேன்.

பெரிய வயிறு, நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி, இடுப்பில் கட்டிய சாரம் முழுக்கச் சாயம். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து ஒரு பயற்றங்காயை வரைந்துகொண்டிருந்தார். வரைந்து முடிக்காமல் எந்தக் காயும் குசினிக்குள் போகாதாம். அவருடைய மனைவி கத்தியோடு வாசலில் நின்றார்.

“இஞ்சாருங்கோ, பத்து மணியாச்சு. நான் எப்ப கறி வைக்கிறது?”

“ஃபோனில படம் எடுக்கலாமே?” என்று நானும் கேட்டேன்.

“காய் வடிவா இருந்தால் அது செடியின்ர கெட்டித்தனம். படம்தான் என்ர கெட்டித்தனம். அதைத்தான் சனம் பாக்கவேணும்.”

நான் புறப்படும்போது ஒரு பூசணிக்காயையும் அதன் படத்தையும் மேசையில் வைத்து, “விருப்பமானதை எடுங்கோ” என்றார். வாய் படத்தைப் புகழ்ந்துகொண்டிருக்க, என் கை பூசணிக்காயைத் தூக்கிவிட்டது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் குழுவில் புதுப் படம் வந்தது. பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி ஆசையோடு நிற்கும் ஓர் ஆள். அவர் வரைந்தவற்றில் பார்த்தவுடனேயே எல்லோருக்கும் அடையாளம் தெரிந்த முதல் படம் அதுதான். என்னை இவ்வளவு சரியாக எப்போது பார்த்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.