பந்தைத் தொடாத வெண்டல்

டென்மார்க்கின் ஹேர்னிங் துணி ஆலையில் வெண்டல் என்றால் எல்லோருக்கும் ஒரு பிரமிப்பு. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. அமெரிக்காவில் நாலு வருடம் சம்பளம் வாங்கி அந்த நாட்டுப் பந்தாட்டம் ஆடியவன். முழங்கால் கைவிட்டதும், டெனிஷ் மனைவி கிர்ஸ்தனின் ஊருக்கே வந்து, துணிச் சுருள்களை லொறியில் ஏற்றும் வேலையில் சேர்ந்துவிட்டான்.

அந்த ஆட்டத்தில் ஒருவன் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவான். அவனை மடக்க வருகிறவர்களை முட்டித் தள்ளுவதற்கென்றே சில தடியர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். வெண்டல் அந்தத் தடியர்களில் ஒருவன். ஓடியவனின் படம் பத்திரிகையில் வரும். தள்ளியவனுக்கு முதுகுவலி வரும். நாலு வருடத்தில் ஒரு போட்டியில்கூடப் பந்து வெண்டலின் கைக்கு வந்ததில்லை. ஒரே ஒரு தடவை, சனம் பார்த்திருக்க, பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. வெளியில் சொல்ல வெட்கம். ஆலையில் யாராவது பழைய கதை கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான்.

கோடை விடுமுறைக்கு ஆலை பூட்டுகிற நாளில் நெசவுப் பகுதிக்கும் சாயப் பகுதிக்கும் உதைபந்தாட்டம் நடப்பது வழக்கம். எண்பத்தாறாம் ஆண்டு நெசவு அணியில் பாதிப்பேர் தமிழர்கள். தலைவன் மன்னார்க்காரன் இன்னாசித்தம்பி. அன்று காலை பார்த்து அவர்களுடைய கோல் கீப்பர் நீக்கிலாஸ் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டான். இன்னாசித்தம்பி தன் பள்ளிக்கூட இங்கிலீசோடு நேரே வெண்டலிடம் ஓடினான்.

“ஐசே, உங்கட ஆட்டம் கையாலை விளையாடுறதுதானே? அப்ப கோலுக்கு உம்மை விட்டால் வேறை ஆர்?”

வெண்டல் தலை குனிந்தான். வேறு வழியில்லாமல், யாருக்கும் சொல்லாத உண்மையை அவனிடம் சொன்னான். அந்த ஆசையையும் சேர்த்துத்தான்.

இன்னாசித்தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நாலு வருசம் சம்பளம் வாங்கிப்போட்டுப் பந்தைத் தொடயில்லையோ! நல்ல உத்தியோகம் ஐசே. பரவாயில்லை. கோலுக்கை நின்று மறையும், காணும்.”

உண்மையில் அதுவே போதுமாக இருந்தது. வெண்டல் நின்றால் கோலில் மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான். பந்துகள் அவன் தொடையிலும் வயிற்றிலும் பட்டுத் திரும்பின. அவன் கையை நீட்டும்போதெல்லாம் பந்து வேறு பக்கம் போயிருக்கும். ஆட்டம் முடியப்போகிற நேரம், நெசவு அணி ஒரு கோல் முன்னால் இருக்கையில், சாயப் பகுதிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது.

அடித்தவன் நெஞ்சுக்கு நேரே அடித்தான். வெண்டல் இரண்டு கையாலும் பிடித்துவிட்டான்.

பிடித்தவன் நிற்கவில்லை. பந்தை விலாவோடு அணைத்துக்கொண்டு, நொண்டி முழங்காலோடு, கோல் கீப்பர் கையால் தொடக்கூடிய எல்லைக்கோட்டையும் தாண்டி, எதிர்க் கோலைப் பார்த்து ஓடத் தொடங்கினான். நடுவர் விசில் ஊதினார். வெளியே நீக்கிலாஸ் கட்டுப்போட்ட கையோடு குளறினான்.

“விடும் ஐசே! பந்தை விடும்! வெல்லுற ஆட்டம்!” என்று கத்திக்கொண்டே இன்னாசித்தம்பி பக்கத்தில் ஓடிவந்தான். அப்போதுதான் வெண்டலின் முகத்தைப் பார்த்தான். அந்தத் தடித்த மனிதன் குழந்தைப்பிள்ளை மாதிரி வாயெல்லாம் பல்லாக ஓடிக்கொண்டிருந்தான்.

இன்னாசித்தம்பி கத்துவதை நிறுத்தினான். எட்டிப் பாய்ந்து முன்னால் போனான். மறிக்க வந்த சாயப் பகுதிக்காரனை, தன்னைவிட ஒரு முழம் உயரமானவனை, தோளால் முட்டிப் புல்லில் விழுத்தினான்.

“விலத்துங்கோ! ஆள் வருது, விலத்துங்கோ!”

இருவரும் எதிர்க் கோலுக்குள் போய் வலையோடு விழுந்தார்கள். பார்க்க வந்திருந்த கிர்ஸ்தன் கைதட்டிக்கொண்டே அழுதாள்.

கோல் கணக்கில் வரவில்லை. அந்தத் தப்புக்கு நடுவர் கொடுத்த அடியில் சாயப் பகுதி சமப்படுத்திவிட்டது. வெண்டல் இன்னும் எதிர் வலைக்குள்; காவலற்ற கோல், வேறென்ன நடக்கும்? அந்த அடியையும் வேறொரு பந்தைக் கொண்டுவந்துதான் அடித்தார்கள். முதல் பந்தை வெண்டல் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.