வைத்தது வைத்த இடத்தில்

மேசையை விட்டு எழுந்து போகும்போது ஊய் செங் ஹுவாட் எதையும் எடுத்து வைப்பதில்லை. மூக்குக்கண்ணாடி விசைப்பலகையின் மேல் கிடக்கும். பாதி குடித்த கோப்பி, முதுகுவலித் தைலம், மூடி தொலைந்த பேனா எல்லாம் கை கடைசியாக விட்ட இடத்திலேயே இருக்கும். மகளின் படமும் அப்படித்தான். படத்தில் அவள் பள்ளிச் சீருடையில் நிற்கிறாள். மெல்பர்னில் அவளுக்கே இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த அலுவலகத்தில் இரண்டு பேருக்கு ஒரு மேசை. ஊயின் மேசையில் பங்காளி ரொஸ்னித்தா. பாதி நாள் சோதனைக்கூடத்தில் இருப்பாள், மீதி நேரம் மேசை அவளுடையது. எழுந்தால் மேசையை ஒழித்துவிட்டுப் போக வேண்டும் என்பது அலுவலக விதி. ஊயோ, அவள் வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்த பிறகுதான் இழுப்பறையைத் திறப்பார்.

"இது மேசையா, ராச்சந்தையா, அங்கிள்?"

"நீ வந்தாத்தானே எடுக்கணும். தண்ணி குடிக்கப் போறதுக்கெல்லாம் மூட்ட கட்டி மூட்ட அவுக்க முடியுமா லா?"

அவருடைய தொழிலும் இதுவேதான். கணினியின் மூளையான ஒரே செயலியைப் பல மெய்நிகர் கணினிகள் மாறி மாறிப் பயன்படுத்தும். ஒவ்வொன்றும் செயலி தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு முறை வைத்துக் கொடுக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். முறை வந்து உள்ளே வரும் மெய்நிகர் கணினிக்கு விருந்தாளி என்று பெயர். அது தன் அமைப்புகளைச் செயலிக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சிறு அறைகளில் பரப்பிக்கொள்ளும். ஊய் அந்த மென்பொருளில் கை வைப்பதற்கு முன், விருந்தாளி சின்னதாக ஒரு கேள்வி கேட்க வெளியே வந்தால்கூட, ஹைப்பர்வைசர் அத்தனை ரெஜிஸ்டர்களையும் வாரி நினைவகத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, உடனே திரும்ப எடுத்துப் பரப்பும். நேரமெல்லாம் அதிலேயே போய்க்கொண்டிருந்தது. ஊய் அதை மாற்றினார். அடுத்த விருந்தாளி வரும்வரை இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். மூன்று வருட வேலை. வேகம் கூடியது. ஐம்பத்து நான்கு வயதில், தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அதில் ஓர் ஆபத்து உண்டு என்று முதலில் சொன்னவரும் அவரே. ரெஜிஸ்டரில் விட்டு வைத்திருக்கும்போது நினைவகத்தில் இருப்பது பழைய நகல். உண்மை செயலியில் இருக்கும். யார் எந்த மதிப்பைப் படிப்பதானாலும், அது இப்போது எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். படிக்கிற இடங்களையெல்லாம் தேடித் தேடி, அந்தக் கேள்வியை அவரே எழுதிச் சேர்த்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் கணினிகள் நின்றுபோக ஆரம்பித்தன. எப்போதாவது ஒன்று, காரணம் எதுவும் சொல்லாமல். மேலாளர் தியோ, ஆயர் ஈத்தாமில் ஊயுடன் ஒரே வகுப்பில் படித்தவர். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் ஊயின் மாற்றத்தை முழுவதுமாக எடுத்துவிட்டுப் பழைய முறைக்கே போக வேண்டியிருக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க ரொஸ்னித்தா மேசைப்பக்கமே வரவில்லை. சோதனைக்கூடத்தின் தரையில் உட்கார்ந்து, ஒரு விருந்தாளியை வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் சாகடித்துக்கொண்டிருந்தாள். ஊய் பிஸ்கோத்தைக் கோப்பியில் நனைத்துத் தின்றபடி வரி வரியாகப் படித்தார்.

வியாழன் மதியம் அகப்பட்டது. பிழை நேர்ந்தால் ஓடிப் போய்ச் சேர வேண்டிய முகவரியை ஒவ்வொரு விருந்தாளியும் ஒரு ரெஜிஸ்டரில் வைத்திருக்கும். விருந்தாளிக்குப் பிழையைத் தெரிவிக்கும் பகுதி, எங்கே இருக்கிறது என்று கேட்காமல், அந்த முகவரியை நேராக நினைவகத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. விருந்தாளி அப்போதுதான் முகவரியை மாற்றியிருந்தால் கிடைப்பது பழைய முகவரி. அங்கே ஒன்றும் இல்லை. ஓடிப்போய்ச் செத்தது. அந்தப் பகுதி ஊய் எழுதியது. இந்த மாற்றத்துக்கு வெகுகாலம் முன்னால். மற்றவர்கள் எழுதியதையெல்லாம் சலித்தவர், தான் எழுதியது நினைவிருக்கிறது என்று அதைத் திறந்தே பார்க்கவில்லை.

திருத்தம் ஒரே வரி. தியோவின் அறையில் மூவரும் நின்றார்கள். தியோ இரண்டு முறை படித்தார்.

"சரியாத்தான் இருக்கு, ஆ ஹுவாட். இதே மாதிரி இன்னும் எங்கயாச்சும் இருக்கா?"

சன்னலுக்கு வெளியே தூரத்துக் கடற்பாலம் மழையில் மறைந்திருந்தது. இல்லை என்ற ஒரு சொல்லுக்காக ரொஸ்னித்தா ஊயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல. இருக்கும்னு நெனக்கல. ஆனா இது இருக்கும்னுந்தான் நெனக்கல."

தியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப என்னால கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

நடைவழியில் ரொஸ்னித்தாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "இல்லன்னு சொல்லித் தொலச்சிருக்கலாமே, அங்கிள். யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா?"

"பாக்காம எப்படி லா சொல்றது?"

மாற்றத்தை எடுக்கும் வேலையை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவரே உட்கார்ந்து எடுத்தார். சோதனைகளை ஓடவிட்டார். ஒவ்வொரு சின்னக் கேள்விக்கும் எல்லாவற்றையும் வாரி வைத்து, திரும்பப் பரப்பி, ஹைப்பர்வைசர் பழையபடி ஊர்ந்தது. விருந்தாளி எதுவும் சாகவில்லை. "ஓடுது" என்று தியோவுக்கு ஒரு வரி அனுப்பினார்.

மதியம் கோப்பி தீர்ந்தது. ரொஸ்னித்தா சோதனைக்கூடத்தில் இருந்தாள். சாயங்காலம்வரை வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். இழுப்பறையைத் திறந்தார். கண்ணாடியை அதன் கூட்டில் போட்டார். குனிந்து மேசைக்கடியில் துழாவிப் பேனாவின் மூடியைக் கண்டெடுத்து மாட்டினார். தைலத்தையும் மகளின் படத்தையும் உள்ளே வைத்து மூடினார். கோப்பியோடு திரும்பி வந்து உட்கார்ந்து, இழுப்பறையைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தார். சர்க்கரை போட மறந்துபோயிருந்தது. எழுந்திருப்பதற்கு முன் மறுபடியும் இழுப்பறையைத் திறந்தார்.