பச்சமலையில் அம்மா அடுக்கிய நாலு கல்

கல்லின் மேல் கல் அடுக்குவது கலையா, காட்டுக்குச் செய்யும் கேடா என்று இப்போது செல்போனில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஏதோ ஓர் ஓடைக்கரையில் யாரோ ஒருவர் ஏழெட்டுக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் படம் போடுகிறார். கீழே பாதிப் பேர் கைதட்டுகிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. இதே விவகாரத்துக்காக, நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, என் அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் கைகூப்ப வைத்தார்கள்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். அதற்கு முன் மூன்று வீடு மாறியாயிற்று. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. அதனால் எங்கள் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. காற்றடித்தால் நேற்றைய தேதி கிழிந்து சோற்றுத் தட்டில் வந்து விழும். அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். அம்மா தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் தரை துடைத்தாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததில்லை. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, வீட்டுக்காரர் கதவில் ஒட்டும் எச்சரிக்கை எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அம்மா பிறந்தது உப்பிலியபுரம் பக்கம். ஆடி மாதம் பச்சமலையில் இருக்கும் எங்கள் சாமிக்குப் பொங்கல் வைக்கப் போவோம். ஏறுகிற வழியில் ஒரு பாறைச் சரிவு. அது முழுக்கச் சின்னச் சின்னக் கல் அடுக்குகள் நிற்கும். சொந்த வீடு வேண்டும் என்கிறவர்கள் அங்கே கல்லை அடுக்கிக் கும்பிட்டுவிட்டு மேலே போவார்கள். அந்த வருடம் அம்மாவும் அடுக்கினாள். மூன்று கல் வைத்த பிறகும் குனிந்து தேடிக்கொண்டிருந்தவளைப் பார்த்து அப்பா, “போதும்டி. நாலாவது மாடிக்கு யாரு ஏறுறது? எனக்கு முட்டி வலி” என்றார்.

“நீங்க கீழயே கெடங்க. நான் மேல போயி துணி காயப் போட்டுக்கறேன்.”

நாலாவதாக அவள் வைத்தது வெள்ளைக் கோடு ஓடிய சப்பைக் கல்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் பள்ளியின் இயற்கை மன்றத்தை அதே மலைக்கு வேனில் அழைத்துப் போனார்கள். மன்றத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைத்தான் எடுத்திருந்தார்கள். அதில் நான் ஒருத்தி. அறிவியல் சார் முன்னால் நடந்தார். சரிவுக்கு வந்ததும் நின்று, “இதெல்லாம் என்னன்னு தெரியுமா?” என்று கேட்டார்.

என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. வேறொரு பெண், “வீடு கட்ட வேண்டுதல் சார்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சார் குனிந்து தரையில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் மண் ஈரமாக இருந்தது. ஒரு தேள் குஞ்சு விறுவிறுவென்று ஓடியது. ஓரத்தில் பொத்தான் அளவில் இரண்டு பல்லி முட்டைகள். அதுவரை நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

“ஒரு கல்ல எடுத்தா ஒரு குடும்பத்தையே காலி பண்றோம்னு அர்த்தம்” என்றார் சார். “படிக்காத சனங்க பண்ற வேலை இது. நீங்க படிக்கிற புள்ளைங்க. எல்லாத்தையும் இறக்குங்க.”

பையன்களுக்குக் கொண்டாட்டம். காலால் உதைத்தார்கள். கற்கள் சரிவில் உருண்டு போய் எந்தெந்தக் குடும்பத்தின் மேல் விழுந்தனவோ, அதைச் சார் பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டுக் கல்லை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஓடிப்போய் அதன் முன்னால் நின்றுகொண்டு, “இத நான் எடுக்கறேன்” என்றேன். இது என் அம்மா வைத்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் படிக்காத சனத்தின் பிள்ளையாகிவிடுவேன். ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தேன். “பாருங்க, எவ்வளவு பொறுப்பா செய்றா” என்று சார் எல்லோருக்கும் என்னைக் காட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பாராட்டு இனித்தது.

அங்கிருந்து ஓடைக்கு இறங்கினோம். சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் தண்ணீருக்குள் நின்று கல் அடுக்கிக்கொண்டிருந்தார். கரையில் முக்காலியின் மேல் பெரிய கேமரா. ஐந்து தூண்கள் ஏற்கெனவே எழும்பியிருந்தன. நடுவில் இருந்தது என்னைவிட உயரம். கல் பெயர்த்த இடமெல்லாம் குழி குழியாகக் கலங்கிக் கிடந்தது.

சார் உதட்டில் விரலை வைத்தார். “சத்தம் போடாதீங்க. ஆர்ட்டிஸ்ட் வேலை பண்றாரு.”

அவர் உச்சிக் கல்லை வைத்துக் கையை எடுத்தார். அது அசையாமல் நின்றது. நாங்கள் கைதட்டினோம். சார் எங்களைத் தூண்களுக்கு முன்னால் நிற்க வைத்து, தான் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் முடிந்ததும் நான் கேட்டேன். “சார், இதையும் இறக்கணுமா?”

“ஏய், கைய வைக்காத! இது ஆர்ட்.”

“இந்தக் கல்லுக்கு அடியிலயும் முட்டை இருந்திருக்கும்ல சார்?”

“அவரு ரசிச்சுச் செய்றாரு. அது வேற, இது வேற.”

கல் அடுக்கியவர் கோபப்படவில்லை. “நல்லா கேக்குறியே பாப்பா! கவலப்படாத. அடுத்த மழையில தண்ணியே தள்ளிரும்” என்று சிரித்தார். அம்மா வைத்ததை மட்டும் மழை தள்ளாதா என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாகத் தண்ணீரில் இறங்கி, நடுத்தூணில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன்.

சத்தம் மலையெல்லாம் கேட்டிருக்கும். தண்ணீர் எகிறிக் கேமராவை நனைத்தது. சார் என் காதைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

திங்கட்கிழமை அம்மா கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்தாள். தலைமை ஆசிரியை ஒரு தாளை நீட்டினார். அம்மா வழக்கம்போல அதை என்னிடம் கொடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. கலைப்படைப்பைச் சேதப்படுத்தினேன் என்றும், மன்றத்திலிருந்து நீக்கப்படுகிறேன் என்றும், மறுபடி நடந்தால் டிசி கொடுக்கப்படும் என்றும் அந்த அறையின் நடுவில் நின்று நானே உரக்கப் படித்தேன்.

“சின்னப் புள்ள மேடம், தெரியாம பண்ணிட்டா” என்றாள் அம்மா.

“தெரிஞ்சுதான் பண்ணேன்.”

அம்மா என் கையைக் கிள்ளினாள். பிறகு சாரைப் பார்த்துக் கைகூப்பினாள். “மன்னிச்சுக்கங்க சார். புள்ள படிக்கணும்.” சாருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். “நல்ல பொண்ணுதாம்மா” என்றார். “மலை மேல சனங்க வீட்டுக்குன்னு வேண்டிக்கிட்டு வச்சிருந்த கல்லையெல்லாம் இறக்கச் சொன்னப்ப இவதான் ஒழுங்கா செஞ்சா. அப்புறம்தான் என்னவோ புத்தி கெட்டுப் போச்சு.”

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். தாளில் கைநாட்டு வைத்தாள்.

பின்னாளில் நான் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். கல்லுக்கு அடியில் இருக்கும் உயிர்களைப் பற்றி அந்தச் சார் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய்யைச் சொல்லியிருந்தால் மறந்துபோயிருப்பேன். அந்த உண்மையை அவர் கும்பிடுகிறவர்கள் அடுக்கிய கல்லுக்கு மட்டும் சொன்னார். கேமரா வைத்திருந்தவர் முன்னால் விழுங்கிவிட்டார். கலையா, கேடா என்று என்னைக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடுக்கியது யார் என்று பார்த்த பிறகுதானே பதில் சொல்லப் போகிறீர்கள்?

அன்றைக்குப் பள்ளியிலிருந்து கிளம்பிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். காவிரிப் பாலம் வரும்வரை அடி விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“நம்ம கல்லையும் எடுத்தியா?”

“நான்தான் எடுத்தேன்.”

“ஏன் எடுக்கச் சொன்னாரு?”

சொன்னேன். தேள் குஞ்சு, ஈர மண், முட்டை, காலியாகும் குடும்பம் எல்லாம். அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பிக் கேட்டாள்.

“எல்லாக் கல்லுக்கு அடியிலயுமா?”

“நெறய கல்லுல இருக்கும்.”

“ஆடி மாசத்துல முட்ட வச்சிருக்குமா?”

“வச்சிருக்கும். அதுக்கென்ன இப்ப? அந்த ஆள மட்டும் சார் ஒண்ணுமே சொல்லலம்மா!”

அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு கல்லு எடுத்தேன்” என்றாள். “நாலும் வேற வேற எடத்துலேர்ந்து.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளுக்காகத்தான் நான் அந்தத் தூணைத் தள்ளினேன். ஒரு வார்த்தை என் பக்கம் பேசக் கூடாதா? இத்தனை அவமானப்பட்டு வந்தும் பல்லி முட்டையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாளே! பள்ளிக்கூடம் போகாதவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.