சட்டைப் பையில் ஓர் எரிமலை

இன்று ஹைதராபாத்தில், பட்டான்செரு ஷேர் ஆட்டோவில் என் நெஞ்சின் மேல் எரிமலை வெடிக்கப் பார்த்தது.

பேட்டரி உப்பி, மூடி மூடாத போனை ஒரு வாரமாக ரப்பர் பேண்ட் போட்டு ஆண்டுவந்தேன். திடீரென்று சட்டைப் பை தோசைக்கல்லாகச் சுட்டது. புகை!

"பையில நக்கோ, வேணாம் மாமா, மணல்ல வீசுங்க!" என்று ஆட்டோவை நிறுத்தி அலறினார் டிரைவர், ரயில்வே காலனித் தமிழர்.

வீசினேன். அப்போதுதான் உறைத்தது: என் போனுக்குப் போட்ட அதே தெருக்கடைச் சார்ஜரில்தான் இப்போது வீட்டில் மனைவியின் போன்!

டிரைவரின் போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குள் ஹைதராபாத்தே பற்றி எரிந்தது.

எடுத்தாள்.

"சார்ஜரா? தொட்டாச் சுட்டுது, நீங்க கிளம்பினதுமே பிடுங்கிட்டேன். கொத்தமல்லிக் கட்டு ரப்பர் பேண்டு எங்க?"

மணலில் கருகிக்கொண்டிருந்தது.

ரப்பர் பேண்ட் போட்டுப் போனை ஆளும் மற்ற மன்னர்களே, கமெண்ட்டில் சரணடையுங்கள்.