காதுக்குப் போகாத கை

கடைக்கார நானா இருந்தார். சாமான் இறக்க வந்த நான் இருந்தேன். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா இருந்தார். போனைப் பிடித்தபடி அவர் மகள் இருந்தாள். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துக் கடையில், உயர்தரப் பரீட்சை முடிவு வந்த நாள்.

அந்த அம்மா ஒல்லி. விரலெல்லாம் கொழுந்துக் கறை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. அதனால் மகளை லயத்து வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தார். பல்கலைக்கழகம், அதுதான் கெம்பஸ், போக வழி உண்டா என்று இப்போது தெரிந்துவிடும்.

"நீங்க படிச்சது அஞ்சாம் வகுப்புதானே? ரசாயனமெல்லாம் எப்பிடிங்க சொல்லிக்குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க சொல்லிக்குடுத்தேன்? புத்தகத்தப் பாத்து அவளே படிச்சா. நான் கேள்விய மட்டும் கேப்பேன். தெரியாமலே தெரிஞ்ச மாதிரி அடிச்சுவிட்டா அவ கை அவ காதுக்குப் போயிரும். மறுபடி படிடின்னுருவேன்."

நானா சிரித்தார். "பரீட்சையில யாரு காதப் பாக்கப் போறா?"

முடிவு திறந்தது. மகள் வாசித்தாள். நானும் நானாவும் போனை எட்டிப் பார்த்தோம். அந்த அம்மா போனைப் பார்க்கவே இல்லை. மகளின் கையைத்தான் பார்த்தார். அது காதுக்குப் போகவில்லை.

"மெய்தான் நானா. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துங்க," என்றார்.

அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மூன்று பாடம். மூன்று ஏ.