வீரனின் பின்னங்கால்கள்

என் நாயின் கால்களை முடமாக்கியவன் நான்தான். கனடாவிலுள்ள மகன் கட்டிய வீட்டுக்குக் காவலென்று, வீரனை ஏழு வருடம் தேசிமரத்தடியில் சங்கிலியில் கட்டி வைத்திருந்தேன். அவிழ்த்துவிட்டால் ஊரோடு பழகி, கள்ளனைக் கண்டாலும் குரைக்காது என்று நம்பினேன். ஒருநாள் காலை வீரனால் பின்னங்கால்களை ஊன்றி எழ முடியவில்லை.

மிருக வைத்தியர் ஓர் இளம்பெண். கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"வேறை வருத்தமில்லை ஐயா. நடக்காமல் தசை கரைஞ்சு போச்சு. வயித்துக்குக் கீழை துணி குடுத்துத் தூக்கி நடத்துங்கோ. ஆனா இனி நடக்குமோ எண்டு சொல்லேலாது."

கோயிலுக்குப் போர்த்தும் சால்வையை எடுத்தேன். தினமும் இரண்டு வேளை வீரனின் இடுப்பைத் தாங்கி முற்றத்தைச் சுற்றினேன். கால்கள் மண்ணில் இழுபட்டன.

"இப்ப ஆர் ஆருக்குக் காவல்?" என்றாள் மனைவி.

அடுத்த சுற்றைத் தொடங்கினேன். நடக்கச் சொல்லி வீரனிடம் கெஞ்சினேன், அழுதும் இருக்கிறேன்.

மூன்றாம் மாதம் ஒருநாள் கையில் சால்வை இலேசானது. வீரன் தானாக நின்றது. படலையை அகலத் திறந்தேன்.

"போடா வீரா, வெளியாலை போ."

அது தள்ளாடி நடந்து, தேசிமரத்தடிக்குப் போய், பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது.

சங்கிலியைப் பழைய இரும்புக்காரனிடம் எப்போதோ கொடுத்துவிட்டேன். அதை வீரனுக்குச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.