முள் பாதியைத் தாண்டக் கூடாது

எனக்கு யார் மேலும் சட்டென்று சந்தேகம் வரும். பால்காரர் மேல் வரும், கேஸ்காரர் மேல் வரும், பஸ் கண்டக்டர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று வரும். பிறவிக் குணம், என்னத்தச் சொல்ல. எங்க அண்ணனுக்கு இது என்னைவிட ஒரு பிடி கூடுதல். ஆனால் அந்தக் குற்றாலச் சீசனில் நான் பட்ட சந்தேகத்துக்கு முகாந்திரம் இருந்தது. எங்கள் ஷெட்டில் நின்ற சுபாரு வண்டியை யாரோ எனக்குத் தெரியாமல் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி அண்ணனுடையது. அவனுக்கு ஷார்ஜாவில் வேலை. நம் நாட்டில் கொஞ்ச காலம் வேறு கம்பெனிப் பேரில் விற்றார்களே, அந்த உயரமான சுபாருதான். பிறவியில் அதற்கு டர்போ கிடையாது. அண்ணன் அங்கே பழைய சாமான் கடையில் டர்போ எஞ்சின் ஒன்றைப் பிடித்து, கியர்பாக்ஸோடு கப்பலில் அனுப்பிவிட்டான். அடுத்த லீவில் வந்து, நானும் அவனுமாக ஷெட்டிலேயே செயின் பிளாக் கட்டித் தூக்கி எஞ்சினை மாற்றினோம். புகைக்குழாயை மட்டும் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணாச்சி வளைத்து வெல்டு வைத்துத் தந்தார். அதைப் பதிவு செய்ய ஆபீஸ் ஆபீஸாக நாங்கள் நடந்த நடை தனி ராமாயணம். இத்தனைக்குப் பிறகும் கிலோமீட்டர் மீட்டர் மட்டும் புது கியர்பாக்ஸோடு ஒத்துப்போகாமல் செத்தே கிடந்தது.

டர்போ என்பது ஒரு சின்னக் காற்றாடி. எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறது என்று காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பூஸ்ட் மீட்டர் வைத்திருந்தோம். அதில் ஒரு விசேஷம் உண்டு. ஓரத்துப் பொத்தானைத் தட்டினால், கடைசியாக எவ்வளவு உச்சத்துக்குப் போனதோ அங்கே முள் போய் நின்று காட்டும். அழுத்திப் பிடித்தால் அந்த ஞாபகம் அழிந்துவிடும்.

வாரத்தில் ஓரிரு நாள் நான் வண்டியைத் தென்காசியிலிருந்து பக்கத்து இலஞ்சி வரை கொண்டுபோய்த் திரும்ப வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது, முள் பாதியைத் தாண்டக் கூடாது. இது அண்ணன் உத்தரவு. வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். கை முழுக்க ஆயிலாக இருக்கும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுப் பானட் மேல் வைத்துவிட்டுத்தான் பேசுவேன். எஞ்சின் சூடேறுமுன் மிதிக்காதே, வேகமாக ஓட்டி வந்தால் உடனே ஆஃப் பண்ணாதே, ஒரு நிமிசம் சும்மா ஓடவிடு, இல்லையென்றால் டர்போவுக்குள் ஆயில் கருகிப்போகும் என்று பாடம் எடுப்பான். ஹோஸ் கிளிப் எல்லாம் இறுக்கினாயா, பிளக் கழற்றினாயா என்று கேட்பான். அந்த எஞ்சின் பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும் ஜாதி. பிளக்கைக் கழற்றுவதற்குள் புறங்கைத் தோல் உரிந்துவிடும். அதையும் சொல்வேன். கேட்கமாட்டான்.

ஷெட்டுக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அண்ணன் வீடு. மதினியின் அடுப்படி ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத்தான் இருக்கும். அவர்கள் மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் படித்ததால் வீட்டில் மதினி மட்டும்தான். வண்டிப் பேச்சு முழுக்க முடிந்த பிறகு, அவகிட்டக் குடு என்பான் அண்ணன். ஜன்னல் வழியாகப் போனை நீட்டுவேன். சாப்பிட்டியா என்பான். சாப்பிட்டேன் என்பாள். அவ்வளவுதான்.

ஜூலையில் ஒருநாள் பானட் மேலே காற்று உள்ளே போகும் வாயில் ஒரு இலை சிக்கியிருந்தது. அகலமான, ஈரம் காயாத இலை. எங்கள் காம்பவுண்டில் முருங்கையைத் தவிர ஒரு மரம் கிடையாது. வண்டிக்கு அடியில் தடவினேன், சகதி. தென்காசியில் அன்று வெறும் காற்றுதான், ஒரு சொட்டு மழை இல்லை. குற்றாலம், புளியரை என்று மலையடிவாரத்தில்தான் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏறிப் பொத்தானைத் தட்டினேன். முள் பாதியைத் தாண்டி, முக்காலையும் தாண்டிப் போய் நின்றது.

முள்ளை அழித்துவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த வாரம் தட்டினால் மறுபடி அங்கேயே நிற்கிறது. எனக்கு செங்கோட்டையில் வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவேன். அந்த இடைவெளியில்தான் யாரோ எடுக்கிறான். டயரிலும் தரையிலும் சேர்த்து சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் கோடும் கோடும் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருக்கிறது, முள் மட்டும் உச்சத்தில். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! அதைவிடக் கொடுமை, பெட்ரோல் நான் விட்டுப் போனதைவிட ஒரு புள்ளி ஏறியிருந்தது. களவாணிப் பயல் பெட்ரோலும் ஊற்றிவைத்துவிட்டுப் போகிறான்! ஆயில் சுத்தமாக இருந்தது, டர்போவில் ஒரு கோளாறு இல்லை. எடுப்பவனுக்கு இந்த வண்டியின் நாடி தெரியும்.

அப்படிப்பட்ட ஆள் ஊரில் ஒருத்தர்தான். மெக்கானிக் அண்ணாச்சி. பிரேக் வேலைக்கு விட்டபோது சாவிக்கு நகல் எடுத்திருப்பார் என்று முடிவு கட்டினேன். ஏனென்றால் இருப்பது இரண்டே சாவி. ஒன்று என் இடுப்பில், இன்னொன்று மதினி பீரோவில். மதினியிடம் கேட்டதற்கு, பத்திரமா இருக்கு தம்பி என்று சொல்லியும்விட்டாள். அதற்கு மேல் அந்தச் சாவியைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது? இப்படியும் ஒரு கூறுகெட்டவன் இருப்பானா!

அண்ணாச்சியிடம் போய் நேரடியாகக் கேட்காமல், சில பேருக்கு அடுத்தவன் வண்டி மேல்தான் ஆசை என்று ஜாடை பேசினேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"முதல்ல உன் வீட்டுல கேளு தம்பி. பெறகு வா."

எகத்தாளம் பேசுகிறார், மடியில் கனம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அவர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

அண்ணன் லீவுக்கு வருவதாகச் சொன்னான். வந்ததும் மொதல்ல முள்ளைத்தான் பாப்பேன் என்றும் சொன்னான். எனக்குத் தூக்கம் போனது. அவன் ஒருதரம் நம்பிக்கை விட்டான் என்றால் விட்டதுதான். சின்ன மாமாவோடு பேச்சை நிறுத்தியவன், அவர் சாவுக்குத்தான் போனான். அந்த வண்டி ஒன்றில்தான் நாங்கள் அண்ணன் தம்பியாக இருந்தோம், அதுவும் போய்விடுமே என்று உள்ளுக்குள் பதறியது. அவன் வருவதற்கு முந்தின நாள் முள்ளை அழித்துவிட்டு, மறுநாள் காலையில் வாடகைக் கார் பிடித்து அவனை அழைத்துவரத் திருவனந்தபுரம் போனேன்.

திரும்பி வந்ததும் பெட்டியை இறக்கக்கூட விடாமல் ஷெட்டுக்குள் போனான். பானட்டில் உள்ளங்கையை வைத்தான், சூடு ஆறவில்லை. முகம் மாறியது. ஏறி உட்கார்ந்து பொத்தானைத் தட்டினான். முள் கடகடவென்று ஏறி முக்காலைத் தாண்டி நின்றது.

சாவிய எவன்கிட்டக் குடுத்த என்றான். நான் யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன். யாரோ எடுக்கிறார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. அண்ணன் சத்தம் போடவில்லை. வண்டிய வித்துருதேன், இனி உன்னை நம்பி ஒரு துரும்பைக்கூட விட்டுட்டுப் போகமாட்டேன் என்றான்.

மதினி காபியோடு வந்து நின்றிருந்தாள். டம்ளரை டூல்ஸ் பெட்டி மேல் வைத்தாள்.

"தம்பி இல்ல. நான்தான் எடுத்தேன். இனிமே உங்க லீவு முடியுத வரைக்கும் முடியாதேன்னு இன்னைக்குக் காலையிலயும் போனேன்."

வாசுதேவநல்லூரில் அவள் அப்பா வயலில் டிராக்டர் ஓட்டியவள், கல்யாணத்துக்கு முன்பே கார் லைசென்ஸ் வாங்கியவள். பெண் பார்க்கப் போன அன்று எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு எல்லாரும் மறந்துவிட்டோம். தெருவில் பாதிப் பேருக்கு அவள் வண்டி எடுப்பது தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தார்கள்.

அண்ணன் இறங்கினான். இந்த வண்டிய ஓட்ட யார் சொல்லிக் கொடுத்தா என்று கேட்டான்.

"நீங்கதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஜன்னலுக்கு வெளிய வேற என்ன கேட்டுச்சு எனக்கு? சூடேறுமுன்ன மிதிக்கக் கூடாது, நிறுத்துமுன்ன ஒரு நிமிசம் விடணும். எல்லாம் அப்படியேதான் செஞ்சேன்."

"முள் பாதியைத் தாண்டக் கூடாதுன்னும் சொன்னேன்லா?"

"அத மட்டும் கேக்கல."

நான் சிரித்துவிட்டேன். அண்ணனும் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் இன்னும் ஒரு அடி கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"யாரைப் பாக்கப் போன?"

மதினி முகம் செத்துப்போனது. புளியரை வரைக்கும் போவேன், மலை ஏறுமுன்ன திரும்பிருவேன், ஒருத்தரையும் பாக்கல என்றாள். ஒத்தையிலயா என்றான். வீட்டுலயும் ஒத்தையிலதான இருக்கேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என் பேர் தப்பித்தது. ஆனால் அண்ணன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு பாவமும் அறியாத வண்டி ஓட்டலை அந்த ஒரு கேள்வியில் என்னவாகவோ ஆக்கிவிட்டான். அன்றைக்கே அண்ணாச்சி கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஸ்பேனரைக் கழுவிக்கொண்டே, சரி போ என்றார்.

அண்ணன் வண்டியை விற்கவில்லை. லீவு முடிந்து போகும்போது இரண்டு சாவியையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். எஞ்சின் இறுகிவிடக் கூடாதே என்று நான் மட்டும் அவ்வப்போது ஸ்பேனர் போட்டுக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கிறேன். பேட்டரி இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை போன் இப்போதும் வருகிறது. வண்டியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாததால் எடுத்ததுமே, அவகிட்டக் குடு என்கிறான். போன வாரம் நான் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் நீட்டியபோது மதினி தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டியா என்று அவன் கேட்கவில்லை.

"என்ன சத்தம் அது? எங்க இருக்கே?"

மிக்சி, அடுப்படியில இருக்கேன் என்றாள். மிக்சிதானா, வண்டி இல்லையே என்று அவன் மறுபடி கேட்டான். இரண்டு சாவியும் ஷார்ஜாவில் அவன் தலைமாட்டில் இருக்கிறது, அப்போதும் கேட்டான். மதினி மிக்சியை நிறுத்தினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடவிட்டாள். மறுபடி நிறுத்தினாள். பிறகு போனைக் கையில் வாங்கி வாய்ப் பக்கம் வைத்தாள்.

"அந்த வண்டிச் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியலையா?"

போனை என்னிடம் தந்துவிட்டு, மிச்சத் தேங்காயை அரைக்கப் போனாள்.